1/72 அளவில் முதல் போர் விமான மாதிரி: எந்த விமானத்தில் தொடங்கலாம்?

கேள்வி: இரண்டாம் உலகப்போர் காலத்து விமானம் ஒன்றை 1/72 அளவில் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து செய்து பார்க்க ஆசை. இதுதான் முதல் முயற்சி. கேட்டவர்கள் எல்லோரும் ஸ்பிட்ஃபயரையே சொல்கிறார்கள். வேறு ஏதாவது சொல்வீர்களா? எதில் கவனம் வேண்டும்?

பதில்:

ஸ்பிட்ஃபயரில் குறை ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இன்னொரு பிரிட்டிஷ் விமானமான போல்ட்டன் பால் டிஃபயன்ட் செய்யுங்கள் என்பேன். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2015இல் இதைப் புதிய அச்சில் வெளியிட்டது. பாகங்கள் அதிகமில்லை, நன்றாகவே பொருந்துகின்றன. அதே நிறுவனத்தின் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழைய அச்சும் கடைகளில் கண்ணில் படலாம். மலிவாகக் கிடைத்தாலும் முதல் மாதிரிக்கு அது வேண்டாம்.

டிஃபயன்ட் ஒரு விசித்திரமான போர் விமானம். விமானி முன்பக்கம் பார்த்துச் சுடுவதற்கு ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் கண்ணாடிக் கூண்டு ஒன்று. அதில் இன்னொரு வீரர், நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளோடு. 1940 மே 29 அன்று பிரான்ஸ் கடற்கரையில் உள்ள டன்கர்க்கின் வான்வெளியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் படைப்பிரிவின் டிஃபயன்ட்கள் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னார்கள். போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தபோது உண்மையான எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆகஸ்ட் மாதத்திற்குள் நிலைமை தலைகீழானது. எதிரிகள் முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் தாக்கினார்கள். 264 பெரும் இழப்பைச் சந்தித்தது. படைத்தலைவர் பிலிப் ஹண்டர் ஆகஸ்ட் 24 அன்று போனவர் திரும்பவில்லை. அதன் பிறகு டிஃபயன்ட் இரவுப் போருக்கு மாற்றப்பட்டது.

அந்த 264இன் முழுப்பெயர் '264 (மெட்ராஸ் பிரசிடென்சி) படைப்பிரிவு'. சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட போர் நிதிக்காக வைத்த பெயர் அது. 79, 234 ஆகிய பிரிவுகளுக்கும் இதே பெயர் உண்டு. நம் ஊர் மக்கள் கொடுத்த பணத்தின் பெயரில் பறந்த ஒரு படையின் விமானம் நம் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நான் இதைப் பரிந்துரைக்க முதல் காரணமே அதுதான்.

இனி வேலைக்கு வருவோம். பசையைத் திறப்பதற்கு முன் ஒரு முடிவு எடுங்கள்: எந்தப் பிரிவின் விமானம், எந்த மாதத்தில் இருந்தபடி? 'டிஃபயன்ட்' என்று பொதுவாகச் செய்யக் கிளம்பினால் ஒவ்வொரு நிறத்திலும் தடுமாறுவீர்கள். '264, டன்கர்க், மே 1940' என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்குத் தாமாகவே விடை கிடைக்கும். மேல்பக்கம் அடர்பழுப்பும் அடர்பச்சையும். 1940 ஜூன் தொடக்கம் வரை பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பக்கத்தில் இடது இறக்கை கறுப்பு, வலது இறக்கை வெள்ளை; கீழே நிற்கும் தம் பீரங்கிக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்ளச் செய்த ஏற்பாடு. உடலின் பக்கவாட்டு வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையமும், வாலில் மூவண்ணப் பட்டையும் அந்த மே மாதம்தான் வந்தன. ஆகஸ்ட் விமானம் என்றால் அடிப்பக்கம் முழுக்க 'ஸ்கை' எனப்படும் வெளிர்பச்சை சாயல். 1941 இரவு விமானம் என்றால் மேலும் கீழும் கறுப்பு. எதை எடுத்தாலும் உடலின் பக்கவாட்டில் வரும் 264இன் குறியெழுத்து பிஎஸ் (PS).

கறுப்பு அடிக்கும்போது புட்டியிலிருக்கும் சுத்தக் கறுப்பை அப்படியே அடிக்காதீர்கள். இவ்வளவு சிறிய உருவில் அது மேடு பள்ளங்களை விழுங்கிவிடும். மிக அடர்ந்த சாம்பல்தான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். தகடுகளுக்கு இடையிலான கோடுகளிலும் இதே கவனம் வேண்டும். 1/72 என்றால் ஆறடி மனிதர் ஓர் அங்குலம். மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் கோடு, உண்மை விமானத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. அவ்வளவு பிளவோடு எந்த விமானமும் பறந்ததில்லை. ஆகவே அந்தக் கோடுகளில் கறுப்பு மை ஊற்றி எடுத்துக்காட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

ஒட்டும் வேலையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை கை பழகப் பழக வந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் பசையில்லாமல் சேர்த்துப் பிடியுங்கள். நீர்போன்ற கரைப்பான் பசையைத் தூரிகை நுனியில் தொட்டு, இணைப்பின் மேல் வைத்த மாத்திரத்தில் அது தானாகவே உள்ளே ஓடும். சில விநாடிகள் கழித்து மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் நூலிழையாக வெளியே பிதுங்கும். அதைத் தொடவே கூடாது. மறுநாள் வரை விட்டுவிட்டு, கத்தி விளிம்பால் சுரண்டி, நனைத்த உப்புத்தாளில் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. பட்டி பூச வேண்டிய அவசியமும் வராது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நெடி நல்லதல்ல.

கண்ணாடிக் கூண்டுக்கு இந்தப் பசையும் கூடாது, சூப்பர் குளூவும் கூடாது. இரண்டாவதின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும். கூண்டின் சட்டங்களுக்கு மாஸ்கிங் டேப்பை ஒடுக்கமாக வெட்டி ஒட்டிவிட்டு, முதலில் உட்புறப் பச்சையையும் அதன்மேல் வெளி நிறத்தையும் அடியுங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது சட்டம் பச்சையாகவே தெரியும். துப்பாக்கிக் குழல்கள் தடிமனாகப் பட்டால் வெட்டிவிட்டு, மெல்லிய இன்சுலின் ஊசிக் குழாயைத் துண்டுகளாக்கிப் பொருத்தலாம். கூண்டை மட்டும் காலியாக விடாதீர்கள். ஒரு வீரரின் உருவத்தை உள்ளே உட்கார வையுங்கள். விமானம் தீப்பற்றினால் விமானிக்காவது குதிக்க வழி இருந்தது. அந்த இடுக்கிலிருந்து வெளியே வருவது பெரும்பாடு. பலர் வரவே இல்லை. அவர் இல்லாத டிஃபயன்ட்டைப் பார்க்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

சென்னைப் பக்கம் இருப்பவர் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் வகைப் பெயின்டை ஸ்பிரே செய்ய வேண்டாம். ஈரக்காற்றில் மேற்பரப்பு வெண்மை படர்ந்துவிடும். அக்ரிலிக் பரவாயில்லை.

பெட்டியில் வரும் படத்தை நம்பிச் செய்யும்போது இரண்டு இடங்களில் பிழை நேர வாய்ப்புண்டு. கூண்டுக்குப் பின்னால் முதுகில் ஒரு மேடு இருக்கும். துப்பாக்கிகள் பக்கவாட்டில் திரும்பும்போது அது உள்ளே தாழ்ந்து வழிவிடும். மேட்டை நிமிர்த்தி வைத்தால் துப்பாக்கிகளைப் பின்பக்கம் பார்க்கவே விடுங்கள். இன்னொன்று வயிற்றுப் பக்கத்து ரேடியோ கம்பங்கள். சக்கரங்கள் உள்ளே மடங்கும்போதுதான் அவை வெளியே நீளும். தரையில் நிற்கையில் உள்ளே போய்விடும். சக்கரம் இறக்கிய நிலையில் செய்கிறீர்கள் என்றால் அந்தக் கம்பங்களை ஒட்ட வேண்டாம். பறக்கும் நிலையில் தாங்கியில் நிறுத்துவதாக இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.