மகன் ஏ.எஃப்.எல். ஆட முடியுமா? டாண்டினாங்கிலிருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, மெல்பர்னுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, 13 வயது மகன் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து; அதன் உச்ச லீக்தான் ஏ.எஃப்.எல்.) நன்றாக ஆடுகிறான், பள்ளி கோச் "இவன் மேலே போவான்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அகாடமியில் பணம் கட்டிச் சேர்ப்பது, படிப்பு கெடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பண விஷயம். நம்மூர் கிரிக்கெட் அகாடமி மாதிரி காசு கட்டி மேலே ஏறும் வழி இங்கே கிடையாது. "எலீட்" என்று போர்டு வைத்துத் தனிப் பயிற்சி தருபவர்கள் உண்டு. உதைக்கும் முறை திருந்தலாமே தவிர, அவர்களால் எந்த அணியிலும் இடம் வாங்கித் தர முடியாது. வழி ஒன்றுதான். உள்ளூர் ஜூனியர் கிளப்பில் ஆடவேண்டும். அங்கே பார்த்து, வீட்டு முகவரியை வைத்து, அந்த வட்டாரத்தின் டேலன்ட் லீக் (திறமையான இளைஞர்களுக்கான போட்டி) கிளப் கூப்பிடும். உங்கள் பக்கத்துக்கு அது டாண்டினாங் ஸ்டிங்ரேஸ். 16 வயதுக்குட்பட்டோருக்கான தேர்வுப் பயிற்சியில் தொடங்கி 18 வயதுக்குட்பட்டோர் அணி வரை போகும். அங்கே நன்றாக ஆடுபவர்களை மாநில அணிக்கு எடுப்பார்கள். ஸ்டிங்ரேஸ் பையன்கள் நகரத்துப் பையன்களானாலும் 'விக் கன்ட்ரி' (விக்டோரியாவின் கிராமப்புற) அணியில்தான் ஆடுவார்கள், குழம்ப வேண்டாம்.

இது தவிர நம் பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கதவு உண்டு. பூர்வகுடி மற்றும் பல்கலாச்சாரப் பின்னணிப் பிள்ளைகளுக்காக ஏ.எஃப்.எல். கிளப்புகள் நடத்தும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி'. ஆசியாவில் பிறந்தவர்களும், பெற்றோர் அங்கே பிறந்தவர்களும் தகுதி பெறலாம். பயிற்சி கிடைப்பது ஒரு லாபம். டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், வேறு கிளப் அவன் பெயரைச் சொன்னால், விதிப்படி அதற்கு ஈடான புள்ளிகளை (தன் கையிலுள்ள மற்றத் தேர்வு இடங்களின் மதிப்பை) கொடுத்து அவனைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை அகாடமி நடத்தும் கிளப்புக்கு இருப்பது இன்னொன்று. ஆனால் இந்த விதியை ஏ.எஃப்.எல். அடிக்கடி மாற்றும். 2020இல் ஜமாரா உகில்-ஹேகனை முதல் தேர்வாகவே வெஸ்டர்ன் புல்டாக்ஸ் இப்படி எடுத்தது. அடுத்த ஆண்டே முதல் 20 இடங்களில் அந்த உரிமை செல்லாது என்றார்கள். மெல்பர்ன் கிளப் அகாடமியில் வளர்ந்த மேக் ஆண்ட்ரூவை ஐந்தாவது இடத்தில் கோல்ட் கோஸ்ட் கொண்டுபோனது. பிறகு மறுபடி தளர்த்தினார்கள். அதனால் எந்த ஆண்டில் அவன் டிராஃப்டுக்கு வருகிறானோ அந்த ஆண்டு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் நவம்பரில். அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 18 முடிந்திருக்க வேண்டும். 18 கிளப்புகள் (2028இல் டாஸ்மேனியா சேர்கிறது) மொத்தம் 60, 70 பேர்களைத்தான் தேசிய டிராஃப்டில் எடுக்கும். நாடு முழுவதிலும் இருந்து அவ்வளவுதான். கோச் சொன்னது பொய்யில்லை, ஆனால் 13 வயதில் அதை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் சீக்கிரம் உயரம் போட்டவன் எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டு ஆடுவான். 16இல் மற்றவர்களும் வளர்ந்ததும் அவனிடம் வேறு திறமை இல்லையென்று தெரியும். இதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் ஏமாற்றம்.

கிரிக்கெட் ஆடிய பையனுக்குப் பந்து பிடிப்பது, அதாவது மார்க், எளிதாக வரும். சிக்கல் உதையில்தான். டிராப் பண்ட் என்னும் அடிப்படை உதையில் நீள்வட்டப் பந்தை நெட்டுக்குத்தாகப் பிடித்து, உதைக்கும் கால் பக்கத்துக் கையால் தாழ்வாக விடவேண்டும். புதிதாக வருபவர்கள் பந்தை மேலே தூக்கிப் போடுவார்கள், அல்லது எதிர்க்கையால் விடுவார்கள். பந்து சாய்ந்து கால் மேட்டில் படும், பின்சுழற்சி வராது, பக்கவாட்டில் போகும். விடும் கையைச் சரிசெய்தால் பாதி சரியாகிவிடும். அடுத்தது இடது கால். ஒரே காலில் உதைப்பவனை அந்தப் பக்கம் மறித்தாலே போதும் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். 13 வயதில் உடற்பயிற்சிக் கூடத்தைவிட இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். ஓட்டமும் முக்கியம். நடுக்கள ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் 12 கி.மீ.க்கு மேல் ஓடுவார். டிராஃப்டுக்கு முன் அக்டோபரில் நடக்கும் உடல்திறன் சோதனையான காம்பைனில் 20 மீட்டர் வேக ஓட்டம், குதிக்கும் உயரம், 2 கி.மீ. ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். 20 மீட்டரை 3 வினாடிக்குள் ஓடினால் வேகக்காரன் என்று பெயர்.

படிப்பு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது, காரணம் நாட்காட்டி. காம்பைன் அக்டோபரில், வி.சி.இ. (விக்டோரியாவின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்) தேர்வு அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில், டிராஃப்டும் நவம்பரில். இதற்கு ஒரு வழி, பதினோராம் வகுப்பிலேயே ஒன்றிரண்டு வி.சி.இ. பாடங்களை முடித்துவிடுவது. பன்னிரண்டில் சுமை குறையும். பள்ளியில் இதை ஒன்பதாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள்.

தேர்வானால்? எந்த ஊர் கிளப் கூப்பிடுகிறதோ அங்கே போகவேண்டும். பெர்த் என்றால் பெர்த். பையனுக்கு அதில் சொல்லுரிமை இல்லை. முதல் ஒப்பந்தம் பொதுவாக இரண்டு ஆண்டு. தொடக்கச் சம்பளமே ஒரு புதுப் பட்டதாரியின் சம்பளத்தைவிடக் கூடுதல். 2023இல் போட்ட ஒப்பந்தப்படி ஆண் ஆட்டக்காரர்களின் சராசரி 2027இல் 5 லட்சம் டாலரைத் தாண்டும். சராசரியை நட்சத்திரங்கள் தூக்கிவிடுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு ஆண்டு முடிந்து கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் 20 வயதுப் பையன்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் உண்டு. அதனால்தான் பகுதிநேரப் படிப்பை விடாமல் தொடரச் சொல்கிறேன். ஆட்டக்காரர் சங்கம் அதற்கு உதவித்தொகையும் தருகிறது. 18இல் தவறினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. மார்லியன் பிக்கெட்டை 2019இல் பருவத்தின் நடுவே ரிச்மண்ட் எடுத்தபோது அவருக்கு வயது 27. அந்த ஆண்டு இறுதிப் போட்டிதான் அவருடைய முதல் ஆட்டம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இப்போதே வேண்டியது: காயச் செலவு. வேலை விசாவில் இருந்து மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) இல்லையென்றால், உங்கள் தனிக் காப்பீட்டில் எம்.ஆர்.ஐ., அறுவை சிகிச்சை இரண்டும் உண்டா என்று பாருங்கள். மெடிகேர் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குக் கிளப் காப்பீடு பணம் தராது. முழங்காலில் ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதமாவது ஆட்டமில்லை. விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் மெடிகேரில் சேராது. ஒரு தடவை வந்தாலே ஆயிரம் டாலருக்கு மேல். ஆம்புலன்ஸுக்கான குடும்பச் சந்தா கட்டிவிடுங்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால், உள்ளூர் ஆட்டத்தில் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று பையன் சொல்வான், விடாதீர்கள். வாய்க்கவசத்தைப் பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்யுங்கள். பூட்ஸ் "வளரும் பிள்ளை" என்று பெரிதாக வாங்கவேண்டாம், குதிகால் கொப்பளிக்கும்.

ஏஜென்ட் என்று யாராவது இப்போது வந்தால் கையெழுத்துப் போடவேண்டாம். 17 வயதுக்கு முன் அவருக்கு வேலையே இல்லை.

ஜூனியர் பதிவு கோடையில் பிளேஹெச்கியூ தளத்தில் திறக்கும், ஆட்டம் ஏப்ரல் வாக்கில் தொடங்கி பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கும். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவரைக் கோல் அம்பயர், தண்ணீர் கொடுப்பவர் என்று வேலைக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளோடு வேலை செய்பவரின் பின்னணியைச் சோதித்துத் தரும் 'வர்க்கிங் வித் சில்ட்ரன்' அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், தன்னார்வலருக்கு இலவசம்.