40 ரூபாய் கட்டரா, 400 ரூபாய் கட்டரா?

கேள்வி: ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறேன். 40 ரூபாய்க்கு வாங்குகிற கட்டர் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. கூட வேலை செய்யும் அண்ணன் 400 ரூபாய்க்கு ஒன்று வைத்திருக்கிறார், தொடவே விடமாட்டார். அவ்வளவு கொடுப்பது வீண்தானே?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: தொட விடாததில் அவர் மேல் தப்பே இல்லை. வெட்டுவது பிளேடு, அது எப்படியும் தேய்கிற சாமான். ஜிப்சம் போர்டைக் கீறும்போது உள்ளே இருக்கிற மாவையும் சேர்த்து உரசுவதால் எந்த ஊர் ஸ்டீலாக இருந்தாலும் சீக்கிரம் மொண்ணையாகிவிடும். கூடுதல் காசு போவது கைப்பிடிக்கும், பிளேடை நிறுத்திப் பிடிக்கிற லாக்குக்கும்தான். உங்கள் 40 ரூபாய் கட்டரைப் பிரித்துப் பாருங்கள், பிளேடு ஓடுகிற தடமே பிளாஸ்டிக்காக இருக்கும், லாக் பல்லும் பிளாஸ்டிக். நாலு நாள் அழுத்தி வெட்டினால் அந்தப் பல் மழுங்கிவிடும், அப்புறம் நீங்கள் அழுத்த அழுத்த பிளேடு பின்னால் நழுவும், இல்லையென்றால் பக்கவாட்டில் ஆடும். வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் ஃப்ளோர் ஷீட் வெட்டும்போது எனக்கு அப்படித்தான் நழுவியது, இடது கட்டைவிரலில் மூன்று தையல், அன்றைய கூலியும் போச்சு. மிச்சம் பிடித்தது 300 ரூபாய்க்கும் கொஞ்சம் மேல்!

பாரிமுனைப் பக்கம் கடையில் வாங்கும்போது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரும்புத் தடம் இருக்க வேண்டும். பிளேடை முழுசாக வெளியே தள்ளிவிட்டு லேசாக ஆட்டுங்கள், லொடலொட என்றால் கீழே வைத்துவிடுங்கள். அழுத்தி வெட்டுகிற வேலைக்குத் திருகி இறுக்குகிற லாக்தான் நல்லது, பேப்பர் வேலைக்குத் தானாக விழுகிற லாக் போதும். பிளேடு அகலம் 18 மில்லிமீட்டர் வாங்குங்கள். 9 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு.

ஒடித்துப் போடுகிற இந்த பிளேடு 1956-ல் ஜப்பானில் ஒசாகாவில் பிறந்தது. யோஷியோ ஒகாடா என்ற அச்சகத் தொழிலாளி, கட்டம் கட்டமாக உடைகிற சாக்லேட்டைப் பார்த்துப் பிடித்த யோசனை என்பார்கள். அவருடைய கம்பெனிக்கு ஓல்ஃபா என்ற பெயரும் இந்த ஒடிப்பதிலிருந்துதான்: அவர்கள் பாஷையில் 'ஒரு' என்றால் ஒடிப்பது, 'ஹா' என்றால் பிளேடின் கூர். ஆனால் நம் ஆட்கள் ஒடிக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். நல்ல கட்டரை வாங்கிவிட்டு ஒரே முனையை ஒரு வாரம் ஓட்டினால் 400 ரூபாயும் தண்டம். மொண்ணை பிளேடை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால்தான் கை வழுக்கும். ஒடித்த துண்டைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடுங்கள், சைட்டில் வெறுங்காலோடு சித்தாள் பெண்கள் நடக்கிறார்கள்.

கட்டர் தொலைந்துபோகும் என்பதுதான் உங்கள் நிஜமான பயம் என்றால், பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் போல யாருக்கும் இரவல் தராதீர்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் வெட்டுகிறேன். பளபளவென்று ஸ்டெயின்லெஸ் கத்தி வாங்கினேன், கூர் நிற்கவில்லை. பழைய இரும்புக் கத்திக்கே போய்விடவா?
– வாசகி, காசிமேடு

பதில்: போங்க அக்கா. மலிவான ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் இளக்கமானது, நாலு வஞ்சிரத்தின் நடுமுள்ளில் பட்டாலே முனை மடங்கிவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்தி சட்டென்று கூர் ஏறும், நின்று வெட்டும். உப்புக்காற்றில் துரு ஏறுவதுதான் தொல்லை, அதனால் கடையைக் கட்டும்போது நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். அப்புறம் சாணை பிடிக்கிறவர் சக்கரத்தில் அழுத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முனை நீலமாக மாறினால் சூட்டில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அந்த இடம் இனி கூர் பிடிக்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். தினமும் வீட்டில் சாணைக்கல்லில் பத்துத் தேய்ப்பு தேய்த்தால் அவரிடம் போகிற வேலையே குறையும்.

கேள்வி: இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு உடைந்ததைத் தீட்டி வயர் சீவுகிறேன். செலவே இல்லை, ஆனால் சீக்கிரம் மழுங்குகிறது. ஏன்?
– எலெக்ட்ரீஷியன் வாசகர், பெரம்பூர்

பதில்: கையால் அறுக்கிற பிளேடில் பெரும்பாலும் பல் பக்கம் மட்டும்தான் கெட்டி, முதுகு வளைவதற்காக இளக்கமாக விட்டிருப்பார்கள். நீங்கள் தீட்டியது முதுகை. மெஷின் ஆக்ஸாவில் முழுக்கக் கெட்டியான ஹைஸ்பீட் ஸ்டீலில் வருகிற பிளேடு உண்டு, லேத் பட்டறையில் உடைந்த துண்டு கேட்டால் கிடைக்கும். வயரைச் சுற்றிக் கீறாமல் பென்சில் சீவுவதுபோலச் சாய்த்துச் சீவுங்கள், உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் லோடு ஏறும்போது அந்த இடம் சுடும். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தால் அது கை வழுக்காமல் இருக்கத்தான், கரண்டைத் தடுக்க அல்ல. மெயினை அணைத்துவிட்டே கை வையுங்கள்.