அறிக்கையில் 12 என்று இருந்தால்: ஒரு கிணற்றை நான்கு துறைகள் ஆராயும் விதம்

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறேன். மருத்துவம், பௌதிகம், கணினி, வடிவமைப்பு என்று எங்கே பார்த்தாலும் ‘ஆராய்ச்சி’ என்கிறார்கள். எல்லாம் ஒரே வேலைதானா? யாழ்ப்பாணத்து உதாரணம் ஒன்றோடு சொல்ல முடியுமா?

பதில்:

பெயர்தான் ஒன்று, வேலை வேறு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பயம் இருக்கிறது, எந்த இடத்தில் ஏமாந்துபோவோமோ என்ற பயம். அந்த இடத்தைச் சுற்றி அடைத்த வேலியைத்தான் அந்தத் துறை ‘ஆய்வு முறை’ என்கிறது.

உதாரணத்துக்குக் கிணற்றையே எடுப்போம். வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு வீட்டுக் கிணறு. வேலிக்கு அப்பால் வெண்காயத் தோட்டம், பின்வளவில் மலசலகூடக் குழி. வற்றாத ஆறில்லாத ஊர், அடியில் சுண்ணக்கல். மாரியில் விழும் மழையோடு யூரியாவும் குழிக்கழிவும் கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரில் இறங்குகின்றன. அந்தக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையில் ‘நைத்திரேற்று: 12’ என்று மட்டும் இருக்கிறது. (யூரியாவும் கழிவும் மண்ணில் மாறி உண்டாகும் நைதரசன் சேர்ந்த பொருள்தான் நைத்திரேற்று.) உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். 50க்கு 12 குறைவு, பயமில்லை என்று வீட்டுக்காரர் நினைப்பார்.

முதலில் அளவையைப் பார்ப்போம். இது பௌதிகமும் இரசாயனமும் சேர்ந்த வேலை. நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதுவார்கள்: முழு நைத்திரேற்று அயனாக, அல்லது அதிலுள்ள நைதரசனாக மட்டும். நைதரசனின் திணிவு 14, நைத்திரேற்றின் திணிவு 62. ஆகவே நைதரசனாக எழுதிய எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று வரும். 50 என்ற எல்லை அப்போது 11.3 ஆகிவிடும். அறிக்கையின் 12 நைதரசன் கணக்கு என்றால் உண்மையான அளவு 53, எல்லையைத் தாண்டிவிட்டது. அலகு எழுதாத எண் வெறும் மை.

ஆய்வுகூடத்தில் அந்த 12 எப்படிப் பிறக்கிறது? நைத்திரேற்று 220 நனோமீற்றர் புறஊதா ஒளியை உறிஞ்சும். 105 பாகையில் உலர்த்திய பொற்றாசியம் நைத்திரேற்றில் 0.7218 கிராமை ஒரு லீற்றராகக் கரைத்தால், லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைதரசன் கொண்ட கரைசல் கிடைக்கும். அதைப் பத்து மடங்கு ஐதாக்கி, அதிலிருந்து லீற்றருக்கு 0 முதல் 7 மில்லிகிராம் வரை செறிவு தெரிந்த நியமக் கரைசல்கள் செய்து, செறிவுக்கு எதிராக ஒளி உறிஞ்சலை நேர்கோடாக வரைய வேண்டும். கிணற்று நீரை வடித்து, 50 மில்லி லீற்றருக்கு ஒரு மூலர் ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு மில்லி லீற்றர் சேர்க்க வேண்டும். நம் ஊர் நீர் சுண்ணக்கல் நீர், காபனேற்று நிறைந்தது. அமிலம் சேர்க்காவிட்டால் அந்தக் காபனேற்று வாசிப்பில் குறுக்கிடும்.

பிழைகள் நுழையும் வாசல்கள் இவை. நீரை ஊற்றி ஒளியின் முன் வைக்கும் சிறு கிண்ணம் கியூவெற்று. கண்ணாடி, பிளாத்திக்குக் கியூவெற்றுகள் 220இல் ஒளியைத் தாமே விழுங்கிவிடும், குவாட்சு வேண்டும். நீரிலுள்ள சேதனப் பொருள்களும் 220இல் உறிஞ்சும். அதனால் 275இலும் ஒரு வாசிப்பு எடுத்து, அதன் இருமடங்கைக் கழிப்பார்கள். கழிக்கும் தொகை 220 வாசிப்பின் பத்து வீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரிக்கு இந்த முறையே பொருந்தாது. 12 என்பது 7 வரை போன கோட்டுக்கு வெளியே நிற்கிறது. 10 மில்லி லீற்றரை 50 ஆக்கினால் 2.4 என்று வாசிப்பு வரும், பிறகு ஐந்தால் பெருக்க வேண்டும். ‘2.4’ என்றே எழுதி அனுப்பிய அறிக்கை எவ்வளவு நிம்மதியைத் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்துத் தரம் அளந்து சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தற்செயல் வழு மட்டும்தான் அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். பிழையான கியூவெற்று பத்துத் தரமும் ஒரே பிழையைத்தான் தரும். மாதிரிக்கும் ஒழுங்கு இருக்கிறது: போத்தலை அதே நீரால் மூன்று தரம் அலசுவது, மேற்பரப்பில் படிந்த தூசியை விட்டு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுப்பது, 4 பாகைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளப்பது. மோட்டர் போட்டு இறைத்ததற்கு முன்னா பின்னா என்பதையும் குறிக்க வேண்டும்.

பௌதிகம் இதோடு நிற்பதில்லை, கிணற்றுக்குக் கீழே என்ன நடக்கிறது என்றும் கேட்கும். கன சென்ரிமீற்றருக்கு நன்னீரின் அடர்த்தி 1.000 கிராம், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 கிராம். இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் வில்லை ஒன்று மிதக்கும். இதையே மறுபக்கமாகப் பாருங்கள். கோடையில் இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் 4 மீற்றர் மேலே வரும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. நீர் மின்னைக் கடத்தும் அளவைக் கொண்டு உப்பைக் காட்டும் கடத்துதிறன் மானியை அங்கே இறக்கினால் அந்த மாற்றத்தை எண்ணாகவே பார்க்கலாம். மேலிருந்து கீழாக மெதுவாக இறக்க வேண்டும், ஏற்றி இறக்கினால் நீங்களே அடுக்குகளைக் கலக்கிவிடுவீர்கள். வெப்பநிலை மாறினால் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வீதம் வாசிப்பு மாறும், 25 பாகைக்குத் திருத்தாத எண்களை ஒப்பிடக் கூடாது. வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல்லில் 40 என்ற விகிதம் அப்படியே நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவத்துக்கு வந்தால் பயம் வேறு. மானி சரியாகவே சொன்னாலும் மனிதர்கள் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாகி, ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றி மெதிமோகுளோபின் ஆக்கும். அது ஒட்சிசனைச் சுமக்காது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதைத் திருப்பி மாற்றும் நொதியம் குறைவு, அதனால் உடல் நீலம் பாரிக்கிறது. கிணற்று நீரோடு இதை முதலில் தொடர்புபடுத்தி எழுதியவர் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் கொம்லி என்ற மருத்துவர், 1945இல்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 660, 940 நனோமீற்றர் ஒளிகளை ஒப்பிட்டுத்தான் வீதம் சொல்லும். மெதிமோகுளோபின் இரண்டையும் கிட்டத்தட்டச் சமமாக உறிஞ்சும். ஆகவே அது கூடக் கூட, குழந்தை எவ்வளவு மோசமாக இருந்தாலும் மானி 85ஐ ஒட்டியே நிற்கும். குருதி சொக்கிளேற்று நிறத்தில் இருக்கும், ஒட்சிசன் கொடுத்தாலும் நீலம் மாறாது. பல அலைநீளங்களில் ஒளியை அளக்கும் கூட்டு ஒட்சிமானியில் குருதியைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். மருத்துவர் தன் கருவியின் பௌதிகத்தை அறியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

இனி ஆய்வாக ‘கிணற்று நைத்திரேற்றால் இங்கே குழந்தைகளுக்குப் பாதிப்பு இருக்கிறதா?’ என்று கேட்போம். கிணற்றை அளந்துவிட்டால் குழந்தை குடித்ததை அளந்ததாக ஆகாது. நம் ஊரில் குளிக்க ஒரு கிணறு, குடிக்க நாலு வளவு தள்ளி நல்ல தண்ணிக் கிணறு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு நீர்வழி நைத்திரேற்று மிகக் குறைவு, பால்மா கரைக்கிற பிள்ளைக்குத்தான் அது போகும். வயிற்றோட்டமும் தனியாகவே மெதிமோகுளோபினைக் கூட்டும், அதைப் பதியாவிட்டால் பழி கிணற்றின் மேல் விழும். ‘உங்கள் கிணறு கூடாது’ என்று சொன்ன பிறகு தாயிடம் பிள்ளையின் நோயைக் கேட்டால், இல்லாததும் நினைவுக்கு வரும். குருதியை அளப்பவருக்குக் கிணற்றின் எண் தெரியவே கூடாது.

எத்தனை பிள்ளைகள் வேண்டும்? 95 வீத நம்பிக்கை, 5 வீத வழு, எத்தனை வீதம் பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்று தெரியாததால் அதை 50 வீதம் என்று எடுத்தால் 385 வரும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள், பிழை அங்கேதான். ஒரே கிராமத்துப் பிள்ளைகள் ஒரே நீரைக் குடிக்கிறார்கள், அவர்கள் தனித்தனி சாட்சிகள் இல்லை. ஒரு கிராமத்துக்கு 20 பேர், அவர்களுக்கிடையிலான ஒற்றுமை 0.05 என்றால் எண்ணிக்கையை 1.95ஆல் (1 + 19 × 0.05) பெருக்க வேண்டும்: 751. பத்து வீதம் இடையில் விலகுவார்கள் என்றால் 835. இதெல்லாம் தொடங்குவதற்கு முன் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும், முடிந்த பிறகு வாங்க முடியாது. சம்மதப் படிவத்தை ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதி ஒப்பிட வேண்டும். (மேலைநாட்டு மருத்துவத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் கற்பித்தார். இன்றைய சம்மதப் படிவங்களின் தமிழைப் படித்தால் அவர் வருந்துவார்.)

பக்கத்துக் கதை ஒன்று: 2012இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துணிக்கையை அறிவிக்கப் பௌதிகவியலாளர்கள் ‘5 சிக்மா’ என்ற அளவு உறுதி கேட்டார்கள், தற்செயலாக அப்படி நேர 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்பு. மருத்துவத்தில் வழக்கமாக 20இல் ஒன்று. மருத்துவர்கள் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. புரோத்தன்களைக் கோடானுகோடி தரம் மோதவிடலாம், குழந்தைகளை அப்படிச் செய்ய முடியாது.

கணினி ஆய்வாளருக்கு 200 கிணறுகளின் நான்கு பருவ அளவீடுகள் கிடைக்கின்றன, 800 வரிசைகள். அளக்காத கிணற்றின் நைத்திரேற்றை ஊகிக்கும் மாதிரியுரு செய்ய வேண்டும். எழுமாறாக 80 வீதத்தைப் பயிற்சிக்கும் 20 வீதத்தைச் சோதனைக்கும் பிரித்தால் விடை அழகாக வரும், ஆனால் அது பொய். ஒரே கிணற்றின் மாரி வரிசை பயிற்சியிலும் கோடை வரிசை சோதனையிலும் விழுந்திருக்கும், பரீட்சைத் தாளை முதல்நாளே பார்த்ததுபோல. கிராமம் கிராமமாகப் பிரித்து, ஒரு கிராமத்தை முழுதாக மறைத்துவைத்துச் சோதிக்க வேண்டும். மதிப்பெண் விழும். விழுந்த அந்த எண்தான் உண்மை.

அதற்கு முன்னால் தரவைச் சுத்தம் செய்வதில்தான் பாதி நாள் போகும். ஆங்கிலத்தில் கோப்பாய் மூன்று எழுத்துக்கூட்டலில் வந்து மூன்று ஊராகும். பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை, யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் குப்பை. எக்செல் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும், ‘03/11’ மாரியா கோடையா என்றே தெரியாமல் போகும். கருவியால் காணமுடியாத அளவை ஒருவர் 0 என்றும் இன்னொருவர் வெற்றிடமாகவும் விட்டிருப்பார், இரண்டும் வேறு வேறு தகவல்கள்.

வடிவமைப்பை ‘அழகாக்குவது’ என்று நினைப்பவர்கள் அந்த 12க்குத் திரும்பி வாருங்கள். அளந்ததும் சரி, கணினியின் ஊகமும் சரி, அறிக்கையை வாங்கிய வீட்டுக்காரர் பிழையாக வாசித்தால் எல்லாம் வீண். வடிவமைப்பு ஆய்வு அந்த வாசிப்பைத்தான் அளக்கிறது. ஐந்தாறு பேரிடம் அறிக்கையைக் கொடுத்து, மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, தடக்கிய இடத்தைத் திருத்தி, வேறு ஐந்தாறு பேரிடம் மறுபடி கொடுக்க வேண்டும். ‘விளங்குதா?’ என்று கேட்கக் கூடாது. வீட்டுக்கு வந்தவரின் மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் ‘ஓம்’ என்பார்கள். ‘இதை வைச்சு இண்டைக்குப் பிள்ளைக்குப் பால்மா கரைப்பீங்களோ?’ என்று கேட்டால்தான் விடை வெளியே வரும். நிறம் மாறும் பரிசோதனைத் தாள் கொடுப்பதென்றால் பகல் வெயிலிலும் இரவு ரியூப் லைற்றிலும் வாசிக்கவைத்துப் பார்க்க வேண்டும், இளஞ்சிவப்பின் சாயல்கள் இரண்டிலும் ஒரே மாதிரித் தெரியாது.

இப்படிச் சோதிக்கும்போது, எண்ணைச் சரியாக வாசித்தவரிடமிருந்தும் ‘அப்ப கொதிக்க வைச்சுக் குடுப்பம்’ என்ற பதில் வரக்கூடும். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று ஆவியாகாது: லீற்றருக்கு 53 மில்லிகிராம் உள்ள இரண்டு லீற்றர் நீர் ஒன்றரை லீற்றராக வற்றினால் 71 ஆகிவிடும். ஆகவே அறிக்கையில் 12 இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் வரவேண்டிய வரி இது: ‘இந்த நீரில் பால்மா கரைக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் கூடாது.’