கடல் அரித்தால் பாதை என்ன ஆகும்?

கேள்வி: இங்கிலாந்தில் கடலோர நடைபாதையின் புதிய பகுதி ஒன்றைத் திறந்திருப்பதாகப் படித்தேன். கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனால் பாதையும் போய்விடாதா?

பதில்: போகாது. எனக்கு அந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். முன்பெல்லாம் பாறைச்சரிவு இடிந்து பாதை கடலுக்குள் விழுந்தால், அங்கே நடக்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். 2009ஆம் ஆண்டின் கடல், கடலோர அணுகல் சட்டம் இதை மாற்றியது. கரை பின்வாங்கினால் பாதையும் உள்பக்கம் நகரலாம். அதற்கான ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு இடிவுக்கும் அமைச்சரிடம் புதிதாக அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. நம்மைப் போல நடப்பவர்களை நினைத்து எழுதிய சட்டம் என்றே சொல்வேன்.

இன்னொன்று, உரிமை பாதையோடு நின்றுவிடுவதில்லை. பாதைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள நிலத்திலும் பெரும்பாலும் உலவலாம், உட்காரலாம். வீடு, வீட்டுத் தோட்டம் போன்றவை இதில் சேராது. ஆபத்தான சேற்றுநிலங்களுக்கும் தடை உண்டு.

முதல் பகுதி 2012இல் வேமவுத் விரிகுடாவில் திறந்தது. அதே ஆண்டு பக்கத்து நாடான வேல்ஸ் சுமார் 1,400 கிலோமீட்டர் கடலோரப் பாதையை முழுதாகவே திறந்துவிட்டது! இங்கிலாந்தின் கரை இன்னும் நீளம். நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களையும் கேட்டாக வேண்டும். அதனால்தான் பகுதி பகுதியாகத் திறக்கிறார்கள்.

சரி, போகிறீர்கள் என்றால் ஓக் மரக்காய்ச் சின்னத்தைப் பார்த்து நடங்கள். பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் சில இடங்களை மூடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.