யாரைப் படம் எடுக்கிறீர்களோ, அவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள்: மாணவர் ப்ராஜெக்ட் கேள்வி–பதில்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் நேரம் இது. சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்துக் குறும்படமாகவோ பாட்காஸ்ட்டாகவோ ரீல்ஸ் தொடராகவோ செய்து வரச் சொல்கின்றன கல்லூரிகள். வந்த கேள்விகளில் பலவும் ஒரே மாதிரி இருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்ற கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன். கையில் இருக்கும் போன் போதும். காசு செலவழிக்க முடிந்தால் நல்ல காலர் மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். நிலத்தடி நீர், ஏரி ஆக்கிரமிப்பு, மழைநீர் சேகரிப்பு, காவிரி எல்லாம் ஸ்கிரிப்டில் இருக்கின்றன. ஆனாலும் ‘இதில் படமே இல்லை’ என்கிறார் கைடு. என்ன குறை?
– விஸ்காம் மாணவர்கள், சென்னை

எல்லாம் இருப்பதுதான் குறை. பத்து நிமிடத்தில் நான்கு பெரிய விஷயங்களைச் சொல்லப் போனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நிமிடம். அதில் பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்ல முடியும்.

2019 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ரயிலை எல்லா டிவியும் காட்டின. நீங்களும் அதையே காட்டினால் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரியப்போகிறது? லாரி எப்போது வரும் என்று தெரியாததால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது யார், ராத்திரியே குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடித்தது யார், மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது யார்? இதெல்லாம் ஒரு தெருவுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். “எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாளில் யாருடைய பிழைப்பு கெடுகிறது?” என்பது போல. பிறகு கேமரா இல்லாமல் அந்தத் தெருவுக்குப் போங்கள். லாரி வந்த நேரம், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், தனியார் லாரிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், போர்வெல் எத்தனை அடியில் இருக்கிறது, எந்த வருடம் ஆழப்படுத்தினார்கள் என்று நோட்டில் குறியுங்கள். ஏரி ஆக்கிரமிப்பு பற்றிப் பேச வேண்டிய இடம் தானாக வரும். “அந்த ஏரி நிறைந்திருந்த காலத்தில் எங்கள் கிணற்றில் கையாலேயே மொண்டோம்” என்று யாராவது ஒரு பாட்டி சொல்லும்போது அதைச் சொல்லுங்கள். அது வரைக்கும் வேண்டாம்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றி எடுக்கிறோம். ஒருவர் பேச ஒப்புக்கொண்டு படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அது போதும்தானே? பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் காட்சி கிடைத்தால் படம் வலுவாக இருக்கும் என்றும் நினைக்கிறோம்.
– முதுகலை மாணவர்கள், மதுரை

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சி வேண்டவே வேண்டாம். யாரையும் இறங்கிக் காட்டச் சொல்லாதீர்கள், “சும்மா பாதி வரைக்கும்” என்றுகூடச் சொல்லாதீர்கள். குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் ஆபத்து அதிகம். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் சாகிற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. ஒரு ஷாட்டுக்காக நீங்கள் அந்தக் குற்றத்தில் பங்காளியாக வேண்டாம்.

காட்சிக்குப் பஞ்சம் இல்லை. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், அந்தப் பணம் வந்ததா, எந்தெந்த அலுவலகத்துக்கு நடந்தார்கள், எந்தக் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவில் வைத்திருக்கும் அந்தக் காகிதக் கட்டை மேசையில் பரப்பி மேலிருந்து எடுங்கள். குழிக்குள் இறங்கும் காட்சியைவிட அது நிறையப் பேசும்.

இனி கையெழுத்து. உங்களிடம் பேசியவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். நாளைக்கு அவருக்கு வேலை உண்டா இல்லையா என்பது சூப்பர்வைசர் கையில். காலேஜ் பிள்ளைகள் வந்து கேட்கிறார்களே என்று கையெழுத்துப் போட்டிருக்கலாம். படம் யூடியூப்பில் போகும், சூப்பர்வைசரும் பார்க்கலாம், ஒருமுறை பரவிவிட்டால் முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது என்று யாராவது அவரிடம் சொன்னீர்களா? எடுப்பதற்கு முன் ஒரு முறை, எடுத்து முடித்த பிறகு ஒரு முறை, ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) போட்டுக் காட்டி ஒரு முறை என்று மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது தடவைதான் முக்கியமானது. தன் முகத்தைத் திரையில் பார்க்கும்போதுதான் யாருக்கும் விஷயம் உறைக்கும். “அந்த வரி மட்டும் வேண்டாம் தம்பி” என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். அது படத்திலேயே சிறந்த வரியாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

முகத்தை மட்டும் மங்கலாக்கினால் ஆள் மறைந்துவிட மாட்டார். குரல், நடை, சட்டையில் இருக்கும் மண்டல எண், பின்னால் தெரியும் டீக்கடை போர்டு, எல்லாமே காட்டிக்கொடுக்கும். அதே வார்டில் இருக்கும் ஒருவரிடம் காட்டி “இது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். கைகளை எடுக்கலாம், பேச்சை வேறொருவர் குரலில் கொடுக்கலாம். அப்புறம், மறைக்காத ஒரிஜினல் வீடியோ எங்கே இருக்கிறது? வகுப்பு முழுவதும் திறக்கக்கூடிய டிரைவ் லிங்க்கில் கிடந்தால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை.

பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையைப் பாட்காஸ்ட்டாகச் செய்ய ஆசை. என் தோழியின் தங்கைதான். 17 வயது. அவளே பேசுகிறேன் என்கிறாள்.
– இளங்கலை மாணவி, சேலம்

அவள் துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் அவளைப் பதிவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி, படம் என அடையாளம் தெரியும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 18 வயதுக்கு முன் கல்யாணம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் உள்ளே வரும். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் தர வேண்டும். அதில் உங்களைப் போன்ற மாணவியும் அடக்கம். ஆகவே இதை ப்ராஜெக்ட்டாகப் பார்ப்பதற்கு முன், இன்றைக்கே நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் பேசிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். பாட்காஸ்ட் காத்திருக்கும்.

அதற்காகத் தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு மாணவி வாரக்கணக்கில் வரவில்லை என்றால் வகுப்பு ஆசிரியர் என்ன செய்கிறார்? 1098க்கு அழைப்பு போனதும் அடுத்து யார் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்? தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக இருப்பவர் மாவட்ட சமூக நல அலுவலர். அவரிடம் பேட்டி கேளுங்கள். 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, சிறு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண், 18 நிறைந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றம் போகலாம். இந்த ஒரு தகவல் உங்கள் பாட்காஸ்ட் வழியாகச் சரியான காதுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், நீங்கள் பட்ட பாடு வீண் இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய விவரங்களைப் போட்டால் படம் நம்பகமாக இருக்கும் என்கிறார்கள். ஒரு செமஸ்டருக்குள் கிடைக்குமா?
– கோவை

முதல் வாரமே மனு போட்டால் கிடைக்கும். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கல்லூரிக் குழுவின் பெயரில் போடாமல் உங்களில் ஒருவர் தன் பெயரில் போடுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “ஏன் எங்கள் வார்டில் குப்பை அள்ளுவதில்லை?” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று பதில் வரும். இன்ன வார்டில், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை குப்பை வண்டி வந்துபோன பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கிராமத்தில் எடுக்கிறீர்கள் என்றால் மனுவுக்கு முன் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். வரவு செலவை அங்கேயே வாசிப்பார்கள். யார் எழுந்து கேள்வி கேட்கிறார்கள், யார் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கண்ணில் படும்.

பேட்டி கொடுத்தவரின் முகத்தை மறைக்க ஏஐ முகம் வைக்கலாமா? எண்ணூர் பற்றிய படத்துக்கு 2023 எண்ணெய்க் கசிவுக் காட்சி கைவசம் இல்லை. அதையும் ஏஐயில் உருவாக்கிவிடலாமா?
– இதழியல் மாணவர், திருச்சி

முகத்தை மறைக்கலாம். ஆனால் அந்தப் பகுதி ஓடி முடியும் வரை ‘அடையாளம் மறைக்க முகம் மாற்றப்பட்டுள்ளது’ என்று திரையில் இருக்க வேண்டும். நிஜம்போல் தோன்றும்படி மாற்றிய காட்சி இருந்தால் பதிவேற்றும்போது தெரிவிக்கச் சொல்லி யூடியூப்பும் கேட்கிறது.

கசிவுக் காட்சியை உருவாக்காதீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது நடந்த விஷயம். மீனவர்களின் படகிலும் வலையிலும் அது ஒட்டியது. நடந்ததற்கு நீங்கள் ஒரு போலிக் காட்சி வைத்தால், ‘எல்லாமே போலி’ என்று சொல்லக் காத்திருப்பவருக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். அந்தக் குப்பங்களுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், அன்றைக்குப் போனில் எடுத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அனுமதி வாங்கி, அவர்கள் விரும்பினால் பெயரும் போட்டுப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் ஒரு அண்ணனை முகத்துவாரத்தில் நிற்க வைத்து, எண்ணெய் எதுவரை வந்தது என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

பின்னணிக்கு இளையராஜா பாட்டு ஒன்றைப் பத்து விநாடி மட்டும் போட்டால் காப்பிரைட் வராதுதானே?
– நெல்லை

பத்து விநாடிக்கு விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் ஊர்ப் பறைக் குழுவிடமோ நாதஸ்வரக் கலைஞரிடமோ போய்க் கேளுங்கள். காசு கொடுத்து, அனுமதி எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். சோகக் காட்சிக்கெல்லாம் வயலின் போடும் பழக்கத்தை விட்டுவிட்டால் பாதிப் படத்துக்கு இசையே தேவைப்படாது.

ஆறு ரீல்ஸ் போட்டோம். மொத்தமே முந்நூறு பேர்தான் பார்த்தார்கள். ‘ரீச்’ இல்லை என்று மதிப்பெண் குறைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– நாகர்கோவில்

உங்கள் ரீல்ஸ் எதைப் பற்றி என்று எழுதவில்லை. ஒரு குப்பத்துக்கு பஸ் வசதி இல்லாதது பற்றி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குப்பத்து ஆட்கள் அறுபது பேரும், போக்குவரத்துக் கழக டெப்போவில் இரண்டு பேரும் பார்த்தால் அது எங்கோ இருக்கும் ஒரு லட்சம் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போவதைவிடப் பெரிது.

தெலங்கானாவில் பஸ்தாபூர் என்ற ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத தலித் விவசாயப் பெண்கள் கேமரா கற்றுக்கொண்டு தங்கள் விதைகளைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் படம் எடுத்தார்கள். 2008 முதல் சங்கம் என்ற சமுதாய வானொலியையும் நடத்தினார்கள். அவர்கள் பேசியது பக்கத்து ஊர் விவசாயியிடம். நம் பாம்பனில் கடல் ஓசை வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. யாருக்கு என்பதில் இவர்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை.

இன்னும் நேரம் இருக்கிறது. ஆறு ரீல்ஸையும் ஒட்டி ஒரே வீடியோவாக்கி, ஒரு சாயங்காலம் அந்த ஊரிலேயே வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். படத்தில் இருப்பவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். யார் வந்தார்கள், எந்த இடத்தில் சலசலப்பு எழுந்தது, “இது தப்பு” என்று எதைச் சொன்னார்கள், அதற்குப் பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று மூன்று பக்கம் எழுதி ப்ராஜெக்ட்டோடு வையுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வியூஸ் எண்ணிக்கையை மதிப்பெண் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இந்த மூன்று பக்கத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

எடிட்டிங்கில் தமிழ் சப்டைட்டில் உடைகிறது. ‘கொ’ என்று அடித்தால் எழுத்துகள் தனித்தனியாக நிற்கின்றன. தமிழ்ப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் அவசியமா?
– தஞ்சாவூர்

அவசியம். காது கேளாதவர்கள் பார்க்க வேண்டும், பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வட்டார வழக்கில் பேசுவதை வேறு மாவட்டத்துக்காரர் பிடித்துக்கொள்ளவும் உதவும். பேசியது பேசியபடியே இருக்கட்டும், செந்தமிழாக்கிவிடாதீர்கள்.

உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் செட்டிங்தான். பிரீமியர் ப்ரோவில் கிராபிக்ஸ் விருப்பங்களுக்குள் போய், டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துரு வையுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்கிரிப்ட் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை முழுசாகப் படித்துப் பாருங்கள், எழுத்துகள் அங்கங்கே இடம் மாறியிருக்கும்.