மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

கேள்வி: எனக்கு வயது 44. கோவையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாக ஓடிவந்தேன். இரண்டு அரை மராத்தான்களை முடித்திருக்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம் வலது கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டாகும் நுண்ணிய விரிசல்) ஏற்பட்டிருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. அப்போது எடையைக் குறைப்பதற்காக இரவுச் சாப்பாட்டை விட்டிருந்தேன். காலையில் வெறும் வயிற்றில்தான் ஓடுவேன். முறிவு ஆறிய பின்பு மாமியாருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனதால் ஓடவே முடியவில்லை. பதினான்கு மாதங்கள் போய்விட்டன. இனி ஓடலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் சென்ற வாரம் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் டிசம்பர் அரை மராத்தானுக்குத் தயாராகிவிடலாம் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவினர் சொல்கிறார்கள். எனக்கோ காலில் லேசாக உறுத்தினாலும் பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

– வாசகி, கோவை

பதில்: எப்படித் தொடங்குவது என்பதற்கு முன்பு, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அழுத்த முறிவு என்றதும் எல்லாரும் கிலோமீட்டர் கணக்கைத்தான் குறை சொல்கிறோம். ஓட்டத்தால் எலும்பில் உண்டாகும் நுண்ணிய சேதத்தை உடல் அன்றாடம் பழுதுபார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் உணவிலிருந்து வராதபோது, உயிருக்கு உடனடியாகத் தேவைப்படும் வேலைகளை முதலில் கவனித்துவிட்டு எலும்பின் வேலையைத் தள்ளிப்போடுகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைத் தனியாக ஒரு பெயரிட்டு அடையாளப்படுத்தியது. பெண்களிடம் இது மாதவிடாய் தவறுவதாக வெளிப்படுவது வழக்கம். உங்கள் வயதில் அது மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம், அந்தப் பருவத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி இறங்கும். முறிவுக்கு முந்தைய மாதங்களில் உங்கள் சுழற்சி ஒழுங்காக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இல்லையென்றால், ஓடத் தொடங்குவதற்கு முன்பே அதை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி அளவையும் இரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலேயே அது குறைவாக இருப்பவர்கள் ஏராளம். அதிலும் விடிவதற்கு முன்பு ஓடிவிட்டுப் பகல் முழுவதும் வங்கிக்குள் இருப்பவருக்கு வெயில் எங்கே படப்போகிறது? பரிசோதனை செய்யாமல் மருந்துக்கடையில் 60,000 யூனிட் பாக்கெட்டை வாங்கி வாராவாரம் குடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். கால்சியத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருப்பதால், களியும் மோரும் எள்ளும் கீரையும் இருக்கிற வீட்டில் இது எட்டாத இலக்கு அல்ல. இரவுச் சாப்பாடு திரும்ப வர வேண்டும். ஓடும் நாட்களில் கிளம்புவதற்கு முன்பு ஒரு வாழைப்பழமாவது உள்ளே போக வேண்டும். எடை குறைப்பும் ஓட்டத்துக்குத் திரும்புவதும் ஒரே பருவத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி, மூச்சு வாங்கியது பற்றி. இதற்காக நீங்கள் கவலைப்படவே தேவையில்லை. பயிற்சியை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் இறங்கிவிடுகிறது. சீக்கிரம் போவது சீக்கிரம் திரும்பியும் வரும். சில வாரங்கள் ஓடினாலே மூச்சு சீராகிவிடும். எனக்குக் கவலை அளிப்பது அப்படிச் சீராகும் அந்த வாரம்தான். எலும்பு புதிய சுமைக்குப் பழகும்போது முதலில் பழைய திசுவைச் சுரண்டி எடுக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம் பிடிக்கும். சுரண்டிய இடத்தைப் புதிய எலும்பால் நிரப்பிக் கெட்டியாக்க மூன்று மாதம் வரை ஆகும். ஆகவே ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில், நுரையீரலும் இதயமும் “இன்னும் ஒரு சுற்று போகலாம்” என்று உற்சாகப்படுத்துகிற அதே வேளையில், எலும்பு உண்மையில் சற்றுப் பலவீனமான நிலையில் இருக்கலாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்கள் மறுபடியும் அடிபடுவதற்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு முக்கியக் காரணம். “மூச்சு வாங்குகிறதா?” என்று பார்த்துத் தூரத்தைத் தீர்மானிக்கும் பழக்கத்தைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

தொடங்கும் முன்பு சில சோதனைகள். முக்கால் மணி நேர வேக நடை வலியில்லாமல் முடிகிறதா, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது முறையாவது தூக்கி இறக்க வலது காலாலும் இடது காலைப் போலவே முடிகிறதா, மருத்துவர் அனுமதித்தால் வலது காலில் மட்டும் பத்து முறை குதித்தாலும் பழைய இடத்தில் வலி இல்லையா என்று பாருங்கள். இவற்றில் எது முடியவில்லையோ அதுவே உங்கள் முதல் பயிற்சி. குதிகால் தூக்கும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாள், முழங்காலை நீட்டியும் சற்று மடித்தும் இரு விதமாகவும் செய்யுங்கள். மடித்துச் செய்யும்போது வேலை பெறும் ஆழமான கெண்டைக்கால் தசை, ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு விசையைச் சுமக்கிறது. அது களைத்துப்போனால், கணைக்கால் எலும்பு வளையும் அளவு கூடிவிடும்.

ஓட்டத்தை நடையோடு கலந்து தொடங்குங்கள். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே உலகெங்கும் பரப்பிய முறை இது. இதைப் புதியவர்களின் முறை என்று குழுவில் யாராவது இளக்காரமாகப் பார்த்தால் பொருட்படுத்தாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரே அளவை மூன்று முறை சிரமமில்லாமல் முடித்த பிறகு ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டலாம். எலும்பின் உயிரணுக்கள் தொடர்ந்து வரும் ஒரே வகைச் சுமைக்குச் சீக்கிரமே மரத்துப்போய், சில மணி நேர ஓய்வுக்குப் பிறகுதான் மறுபடியும் உணர்வு பெறுகின்றன. அதனால் ஒரே நாளில் நீளமாக ஓடுவதைவிடப் பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவதுதான் எலும்புக்கு ஊட்டம். இடைவிடாமல் முப்பது நிமிடம் ஓடும் நிலையை எட்டுவதற்குப் பத்து வாரம் ஆனாலும் தாமதம் என்று எண்ண வேண்டாம். நடையளவைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து சதவீதம் கூட்டினால் ஒவ்வோர் அடியிலும் காலில் விழும் சுமை குறையும்.

ரேஸ் கோர்ஸ் இதற்குத் தோதான இடம்தான். ஒரு சுற்றே இரண்டரை கிலோமீட்டர் அளவில் இருப்பதால், கால் ஏதாவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிட்டு வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தே திரும்பிவிடலாம். பதினான்கு மாதம் பெட்டிக்குள் கிடந்த காலணி முன்பே 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது என்றால், அதை நடைக்கு வைத்துக்கொண்டு புதியது வாங்குங்கள்.

பத்து சதவீதக் கணக்கு பழையது, கேட்பதற்கு ஒழுங்கானது. அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வாரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் பத்து சதவீதம் என்றால் அரைக் கிலோமீட்டர். அதில் பயமும் இல்லை, பயனும் இல்லை. நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பத்து சதவீத விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் காயமடைந்தார்கள். வார மொத்தத்தைவிட, ஒரே நாளில் எவ்வளவு தாவினோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்று அண்மைக்கால ஆய்வு சுட்டுகிறது. கடந்த முப்பது நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டும்போது காயம் கூடுகிறது. உங்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் எனக்குள்ள தயக்கம் இதுதான். வாரம் முழுவதும் நிதானமாக இருந்துவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் நான்கு கிலோமீட்டரிலிருந்து எட்டுக்குப் போய்விடுவது அங்கேதான் நடக்கிறது. அவர்களோடு போங்கள், ஆனால் உங்கள் தூரம் முடிந்ததும் விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

உறுத்தலைப் பற்றிய பயம் இயல்பானது. பதினான்கு மாதம் ஓய்ந்திருந்த காலில் ஒன்றும் தெரியாமல் இருந்தால்தான் வியப்பு. இரு கால்களிலும் பரவலாக, மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வந்து, சிறிது நடந்ததும் தளர்கிற வலி தசையுடையது, அது போய்விடும். எலும்பின் வலி வேறு மாதிரி. கட்டைவிரலால் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை முழங்காலிலிருந்து கீழ்நோக்கி அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்து, மற்ற காலில் அதே இடத்தில் வலிக்கவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. ஓட ஓடக் கூடுகிற வலியும், படுத்த பிறகு இரவில் குடைகிற வலியும் மருத்துவரிடம் போக வேண்டியவை. குதிகால் தசைநாண் பிரச்சினை உள்ளவர்களுக்கு, மறுநாள் காலைக்குள் அடங்குகிற மிதமான வலியோடு ஓட அனுமதி உண்டு; அந்தச் சலுகை எலும்புக்குக் கிடையாது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது, நீங்கள் கேட்க வேண்டிய ஒரே குரலை அடைத்துவிடும்.

டிசம்பருக்கு அரை மராத்தானில் பெயர் கொடுக்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஐந்து மாதங்களில் முதல் மூன்று மாதம் எலும்புக்குச் சொந்தம். மிச்சமுள்ள இரண்டு மாதத்தில் 21 கிலோமீட்டரை எட்ட முயன்றால் நான் மேலே சொன்ன தாவல்களைச் செய்யாமல் முடியாது. பத்து கிலோமீட்டர் பிரிவில், நடுநடுவே நடந்து முடிப்பது என்ற முடிவோடு சேரலாம். அதையும் நவம்பர் நடுவில், ஏழு கிலோமீட்டரை வலியில்லாமல் ஓடி, மறுநாள் காலையிலும் கணைக்கால் அமைதியாக இருந்தால் மட்டும். பழைய நேரங்கள் பதிவாகியிருக்கும் ஸ்ட்ராவா செயலிக் கணக்கை அதுவரை திறக்காமல் இருப்பது உதவும். பத்து கிலோமீட்டர் நல்லபடியாக முடிந்தால், அரை மராத்தானை அடுத்த ஆண்டு இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.