கடமானுக்கும் காகித இலக்குக்கும் ஒரே ஸ்கோப் போதுமா?

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறேன். உரிமம் பெற்று .308 (அங்குலத்தில் குண்டின் விட்டம்) டிக்கா ரைஃபிள் வாங்கியிருக்கிறேன். மாதம் ஒருமுறை மன்றத்துச் சுடுதளத்தில் 100, 200 மீட்டர் இலக்குகளைச் சுடுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் நண்பர்களோடு கிப்ஸ்லாந்து மலைக்காட்டுக்குக் கடமான் வேட்டைக்குப் போக எண்ணம். ரைஃபிள்மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில், 6-24x50 வாங்கினால் இரண்டுக்கும் ஆகும் என்கிறார் கடைக்காரர். முகநூல் குழுவில் ஒருவர் அதே மாதிரியை, பெயர் பெற்ற நிறுவனத்தின் முத்திரையோடு, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். 3-9x40 அல்லது 2.5-10x42 அளவில் ஒரு நல்ல வேட்டை ஸ்கோப் வாங்குங்கள். வேட்டை ஸ்கோப்பை வைத்து 200 மீட்டர் இலக்கைத் தாராளமாகச் சுடலாம். இலக்குச் சுடும் ஸ்கோப்பை வைத்துக் கடமான் காட்டில் வேட்டையாட முடியாது.

6-24x50 என்றால் உருவத்தை 6 மடங்கிலிருந்து 24 மடங்கு வரை பெரிதாக்கும், முன் கண்ணாடியின் விட்டம் 50 மி.மீ. என்று பொருள். கடைக்காரர் 24-ஐக் காட்டி விற்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது 6-ஐ. 6 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 6 மீட்டர் அகலம்தான் கண்ணுக்குத் தெரியும். விக்டோரியாவின் ஈரக்காட்டில் புதருக்குள் நிற்கும் கடமானை நீங்கள் 30 மீட்டரில்கூடச் சந்திப்பீர்கள். அந்தத் தூரத்தில் தெரியும் அகலம் 2 மீட்டருக்கும் குறைவு. வளர்ந்த கடமானின் உடம்பே அவ்வளவு நீளம் இருக்கும். ரைஃபிளைத் தோளில் வைத்ததும் கண்ணாடி முழுக்கப் பழுப்பு மயிர்தான் தெரியும். தோள் எது, தொடை எது என்று நீங்கள் தேடி முடிப்பதற்குள் அது ஓடியிருக்கும். அவசரப்பட்டுச் சுட்டால் வயிற்றில் குண்டு பட்ட விலங்கு பள்ளத்தாக்கில் எங்கோ விழுந்து மெல்லச் சாகும். 1860-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்ட மான்களின் வம்சம் அது. அயல் விலங்கு என்பதற்காக அதை வதைக்க யாருக்கும் உரிமை இல்லை. 3 மடங்கில் பார்த்தால் இதைப் போல இரு மடங்கு அகலம் தெரியும், முழு விலங்கும் கண்ணாடிக்குள் வரும்.

அடுத்தது வெளிச்சம். விக்டோரியாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரை மான் வேட்டைக்கு அனுமதி. கடமான் வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த மங்கலில்தான். முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 50-ஐ 24-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 2 மி.மீ. சொச்சம். 3-9x40 ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்து, 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6.7 மி.மீ. மங்கலில் கண்ணின் பாப்பா விரிந்து இருக்கும்போது 2 மி.மீ. கற்றை போதாது, எல்லாம் இருண்டு தெரியும். 24 மடங்கு மதிய வெயிலில் சுடுதளத்து மேசையில் சுடுவதற்கு உரியது. எடையிலும் இந்த வேறுபாடு உண்டு. இலக்கு ஸ்கோப் பெரும்பாலும் 700 கிராமுக்கு மேல், வேட்டை ஸ்கோப் 400 கிராமை ஒட்டி. மலையேறும்போது அது தெரியும்.

சரி, சுடுதளத்தில் 9 மடங்கு போதுமா என்றால், 100 மீட்டர் இலக்கு 11 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். அது போதும். 200 மீட்டரில் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த ஓட்டை தெரியாமல் போகலாம். அதற்கு முக்காலியில் நிற்கும் தனித் தொலைநோக்கி இருக்கிறது, மன்றத்தில் யாராவது பார்க்கத் தருவார்கள். பிற்காலத்தில் 1000 கெஜ எஃப்-கிளாஸ் போட்டியில் இறங்கினால் அதற்கு ரைஃபிளே வேறு, ஸ்கோப்பும் வேறு.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்லித்தான் உங்களை மடக்குவார். உயரமான மலைப்பகுதியில் சிலர் ஒரு சரிவில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் மேயும் மானைப் பார்த்துச் சுடுவார்கள். தூரம் 250, 300 மீட்டர் இருக்கும். அங்கே 3-15 அல்லது 4-16 உதவும், உண்மை. ஆனால் உருப்பெருக்கம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. 100 மீட்டரில் ஸீரோ செய்த, அதாவது குறிவைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்திய, .308 குண்டு 300 மீட்டரில் 40 செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும். தூரத்தை லேசர் கருவியால் அளந்திருக்க வேண்டும். உங்கள் தோட்டாவுக்கு எவ்வளவு தாழ்வு என்பதைச் சுட்டுப் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். ரெட்டிகிளில், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறியில், உள்ள கோடுகளை வைத்துத் தாழ்வைச் சரிசெய்வீர்கள் என்றால், அந்த ரெட்டிகிள் முதல் குவிதளத்தில் இருக்கிறதா, இரண்டாம் குவிதளத்தில் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். இரண்டாம் வகையில் அந்தக் கோடுகளின் கணக்கு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். முதல் வகையில் எல்லா மடங்கிலும் சரி. ஆனால் குறைந்த மடங்கில் கோடு மயிரிழைபோல் மெலிந்து, காட்டு இருட்டில் காணாமல் போகும். இவ்வளவும் கைவந்த பிறகு அந்த ஸ்கோப்பை யோசியுங்கள். முதல் வேட்டைக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை.

இனி அந்தப் பாதி விலைக்காரர். போலி ஸ்கோப் இன்று பெரிய வியாபாரம். தங்கள் பெயரில் போலிகள் உலவுவதாக, ஸ்கோப் தயாரிக்கும் லியுபோல்ட் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பெட்டி, முத்திரை, வரிசை எண் ஒட்டி எல்லாம் அசலைப் போலவே இருக்கும். மேசையில் வைத்துப் பார்த்தால் படமும் தெளிவாகத்தான் தெரியும். .308-இன் அதிர்ச்சியைச் சிறிது நேரம் வாங்கிய பிறகு உள்ளே கண்ணாடி தளர்ந்து, ஸீரோ நகரத் தொடங்கும். வாழ்நாள் உத்தரவாதம் என்று அனுப்பினால், எங்கள் பொருளே இல்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும். வரிசை எண்ணைக் கேளுங்கள், ஆஸ்திரேலிய விநியோகஸ்தரிடம் நீங்களே விசாரியுங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் இருக்கிறது. கடையில் ரசீதோடு வாங்கினால், பொருள் பழுதாக இருந்தால் நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. தனியாளிடம் வாங்கினால் பொருளின் தரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ரைஃபிள் வாங்க உரிமம், பின் அதற்கென்று தனி அனுமதி, பூட்டும் பெட்டிக்கு விதி, எல்லாம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கடமானுக்குக் குண்டின் விட்டம் .270 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 130 கிரெயினுக்கு (சுமார் 8.4 கிராம்) குறையக் கூடாது என்று விக்டோரியா விதி சொல்கிறது. அந்தக் குண்டை எங்கே கொண்டு சேர்ப்பது என்று தீர்மானிக்கும் கருவியைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. யாரும் விற்கலாம், எதையும் சொல்லி விற்கலாம். ஸ்கோப்பின் உடல் 30 மி.மீ. குழாயாக இருந்தால் அதிக ஒளி தரும் என்கிறார்கள். தராது, அது குறியைத் திருத்தும் எல்லையைத்தான் கூட்டும். 99 சதவீத ஒளி கடத்தும் என்கிறார்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். நல்ல பூச்சு ஒரு பரப்பில் அதை வெகுவாகக் குறைக்கும், அந்த எண்ணைத்தான் பல கண்ணாடிகள் கொண்ட முழு ஸ்கோப்பின் எண்ணாகச் சொல்கிறார்கள்.

இவற்றைவிட ஆபத்தானது, "கடையிலேயே ஸீரோ செய்து தருகிறோம்" என்பது. அவர்கள் செய்வது குழலையும் ஸ்கோப்பையும் லேசரால் ஒரே திசைக்குக் கொண்டுவருவது மட்டும். முதல் குண்டு காகிதத்தில் எங்காவது விழ அது உதவும். அதை நம்பி நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள்.

ஸ்கோப்பைக் கடை விளக்கின் கீழ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தி நேரத்தில் வாசலுக்கு எடுத்துவந்து, மரத்தடி நிழலைப் பார்க்கக் கேளுங்கள். தலையைச் சற்று முன்பின் நகர்த்தினால் படம் உடனே கறுத்துப்போகும் ஸ்கோப் வேண்டாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. இடைவெளி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புருவம் கிழியும். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் வளையங்களில் சிக்கனம் பிடிக்காதீர்கள். திருகுகளைக் கைவிசையால் முறுக்காமல், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் சாவியால், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.

பிறகு 100 மீட்டரில், வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவால் ஸீரோ செய்யுங்கள். எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் திருத்தும் குமிழின் ஒரு கிளிக் என்பது இந்தத் தூரத்தில் 7 மி.மீ. நகர்வு. உயரமான காகிதத்தின் அடிப்பகுதியில் 3 குண்டு சுட்டுவிட்டு, 80 கிளிக் மேலே திருப்பி, அதே புள்ளியைக் குறிவைத்து மீண்டும் 3 சுடுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையே 58 செ.மீ. இருக்க வேண்டும். 80 கிளிக் கீழே இறக்கி மறுபடி சுட்டால் முதல் கூட்டத்திலேயே விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் வளையத் திருகுகளைச் சரிபார்த்து இன்னொரு முறை சுடுங்கள். அப்போதும் விழாவிட்டால் ரசீதை எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போய்விடுங்கள்.